சில்வண்டு பிடிக்கப் போன ஐந்து நாட்கள்

முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டில் என் ஆய்வுக்கு நான் சில்வண்டுகளை எடுத்துக்கொண்டேன். தூத்துக்குடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவள் மழைக்காட்டுப் பூச்சியைத் தேடிப் போவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மீனைப் பற்றிப் படித்தால் வீட்டிலிருந்தே படித்துவிடலாமே என்று பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

என்னோடு வரவேண்டிய தோழிக்கு, புறப்பட நான்கு நாள் இருக்கும்போது அம்மை போட்டுவிட்டது. வனத்துறை கொடுத்த அனுமதி இரண்டு பேருக்கு, ஐந்து நாளுக்கு. பேராசிரியைக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது. தனியாகப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரம் முடியாது. அப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "நான் வாரேன்" என்றார்.

அப்பா விசைப்படகில் டிரைவர். முப்பது வருடமாக இன்ஜின் பக்கத்திலேயே நின்றவர். அது மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடந்தது. அவர் அதுவரை ஒரு மலையும் ஏறியதில்லை. பேராசிரியை கடிதம் எழுதி, தோழியின் பெயர் இருந்த இடத்தில் அப்பாவின் பெயரைப் போட்டு வாங்கித் தந்தார். மறுநாளே அப்பா கொசுவலைத் துணியை வெட்டி, பூச்சி வலைக்கு என் பழைய பையைவிட ஆழமாக ஒரு பை தைத்துவிட்டார். பிடிபட்டது வெளியே போகாமல் இருக்க வாயை எப்படி மடக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாமிரபரணி பிறக்கும் மலையில் எங்களுக்கு இடம் தந்திருந்தார்கள். ஜீப் ஒரு பாலத்தைத் தாண்டும்போது அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கீழே பாறைகளுக்கிடையில் தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. எங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் இதுதானா என்று, துணைக்கு வந்த வனக்காவலரிடம் கேட்டார். ஆமாம் என்றதும் கீழே இறங்கிப்போய் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு முறை வரும். குடத்தோடு நிற்பவர்களில் அவரும் ஒருவர்.

முகாம் என்பது இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அட்டை கடிக்காமலிருக்க முழங்கால்வரை துணிக் காலுறை கட்டிக்கொண்டுதான் காட்டுக்குள் போக வேண்டும். காற்றும் மழையும் சேர்ந்தடிக்கும்போதும் சாதாரணமாகப் படகைத் திருப்பிக் கொண்டுவருகிற மனிதர், முதல் அட்டை காலில் ஏறியதும் நின்ற இடத்திலேயே குதித்தார். வனக்காவலர் உப்புப் பொட்டலத்தை நீட்டினார். "எங்க ஊரு உப்பு இதுக்காக்கும் மலையேறி வந்திருக்கு" என்று அப்பா சொல்ல, அதன்பிறகு இருவரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

சில்வண்டு பிடிப்பது எளிதல்ல. ஆண் வண்டுதான் கத்தும். ஒன்று தொடங்கினால் மரத்துக்கு மரம் தொற்றி, சிறிது நேரத்தில் காடு முழுவதும் ஒரே இரைச்சலாகிவிடும். சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுபோல இருப்பதால் வண்டு எந்த மரத்தில் இருக்கிறதென்று பிடிபடாது. பக்கத்தில் போனால் வாயடைத்துவிடும். பட்டையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணிலும் படாது. முதல் நாள் முழுக்க நான் அலைந்து பிடித்தது இரண்டே இரண்டு.

இரண்டாம் நாள் காலை அப்பா என் தோளைத் தொட்டு ஒரு மரத்தைக் காட்டினார். எனக்கு வெறும் பட்டைதான் தெரிந்தது. "அந்த வெள்ளத் திட்டுக்கு மேல, ஒரு சாண் தள்ளி" என்றார். வலையின் விளிம்பு பட்டதும் அது உள்ளே விழுந்தது. பிறகு இன்னொன்று, பிறகு வேறொரு மரத்தில் மூன்று. தண்ணீரின் மேல் ஒரு இடம் மட்டும் லேசாக நிறம் மாறினாலே கீழே மீன் போகிறது என்று சொல்கிற கண்கள் அவருடையவை. எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு இரைச்சலில் தலை வலிக்கவில்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"என்ன இரைச்சலு?" என்றார் அப்பா.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். காது அடைக்கும் அளவுக்குச் சத்தம். நான் பேசியதே கத்திப் பேசியதுதான். அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே கேட்டிருந்தார். சுற்றிலும் மரங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாம் கத்துதா இப்ப?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"தண்ணி ஓடுத சத்தம் கேக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டிவியைச் சத்தமாக வைப்பார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம். ஓயாத இன்ஜின் சத்தம் முதலில் தின்பது மெல்லிய, கூர்மையான ஒலிகளைத்தான் என்று நான் பாடத்தில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கத் தோன்றவில்லை. போன் வந்தால் அம்மாவிடம் நீட்டிவிடுவது, கல்யாண வீட்டில் சும்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது, எல்லாம் அப்பாவின் சுபாவம் என்று விட்டிருந்தோம்.

ஒரு வேரின்மேல் உட்கார்ந்தோம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். தெரியாது, கொஞ்சங் கொஞ்சமாகப் போனது என்றார். ஏன் சொல்லவில்லை என்றதற்குப் படகில் எல்லா டிரைவருக்கும் இதுதான் கதி, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார்.

"நான் பேசுறது கேக்குமாப்பா?"

அப்பா தன் காலுறையில் ஊர்ந்த ஒரு அட்டையைக் குச்சியால் தட்டிவிட்டார்.

"உங்கம்ம பேசுனா கேக்கும். ஒன் குரலு கொஞ்சம் கீச்சுளா. ஒன் வாயப் பாத்துக்கிடுவேன்."

சின்ன வயதிலிருந்து, நான் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னால் அம்மா வேலை செய்துகொண்டே கேட்பாள். அப்பா மட்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த உலகத்தில் நான் சொல்வதை இவ்வளவு கவனமாகக் கேட்பவர் வேறு யாருமில்லை என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். மரத்தடியில் அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா பயந்துபோய், "ஏளா, அட்டை கடிச்சிட்டா?" என்று என் காலைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. முகாமுக்குள் உட்கார்ந்து, காலையில் பதிவு செய்த ஒலியை மடிக்கணினியில் போட்டேன். ஒலியின் வேகத்தைக் குறைத்தால் அதன் கீச்சும் குறையும். பாதியாக்கினேன், அப்பா இல்லை என்று தலையாட்டினார். அதையும் பாதியாக்கினேன். இன்னும் குறைத்து, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். சிறிது நேரம் அசையாமல் இருந்தார். பிறகு ஒரு விரலைத் தூக்கினார்.

"வலை இழுக்கும்போது நம்ம வின்ச் சுத்தும்லா, அந்த மாரி இருக்கு" என்றார். "இதையா கொண்டாடிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்த?"

ஆனாலும் ஹெட்போனைக் கழற்றவில்லை. அது பெண்ணைக் கூப்பிடுகிற சத்தம் என்று சொன்னேன். அதற்குச் சிரித்தார். வனக்காவலரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் இப்படியும் இருக்குமா என்று காவலருக்கு ஆச்சரியம்.

பூச்சிகளைக் கொல்வது மட்டும் அப்பாவுக்குச் சங்கடமாக இருந்தது. மருந்துப் பஞ்சு வைத்த புட்டிக்குள் ஒன்றைப் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். டன் கணக்கில் மீன் பிடிக்கிறவர் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டேன். அது சாப்பிட, இது எதுக்கு என்றார். பெயர் தெரிய, கணக்குத் தெரிய, காடு எப்படி இருக்கிறதென்று தெரிய என்றெல்லாம் சொன்னேன். அரை மனதாகத் தலையாட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு வகையிலும் ஆணொன்று பெண்ணொன்று போதும் என்று நானே நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை அப்பா உள்ளங்கையில் வைத்துப் பறக்கவிடுவார்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். இனி போன் வந்தால், தான் பேசும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லப் போவதாகச் சொன்னாள். காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். காதில் மாட்டும் கருவி வாங்கினோம். அதை அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் போடுகிறார். சாமியாரின் பிரசங்கம் முன்பு இருந்த அளவுக்கு நன்றாக இல்லையாம். படகில் இன்ஜின் அருகே நிற்கும்போது காதை மூடிக்கொள்ள ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மற்றவர்கள் கேலி செய்கிறார்கள் என்றாலும் போடுவதாகத்தான் சொல்கிறார். நான் போய்ப் பார்த்ததில்லை.

பூச்சிகளை ஊசியில் குத்தி, ஒவ்வொன்றுக்கும் கீழே சுண்டுவிரல் நகமளவு சீட்டு வைக்க வேண்டும். எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும். மரத்தில் அவர் கண்டுபிடித்துத் தந்த எல்லாவற்றுக்கும் அப்பாவின் பெயரையே எழுதினேன். பேராசிரியை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பெட்டியைக் கல்லூரியில் வைக்கும் முன்பு அப்பாவை வரச்சொல்லிக் காட்டினேன். லென்ஸைக் கண்ணுக்கு அருகில் பிடித்து ஒவ்வொரு சீட்டாக வாசித்தார். அவருக்கு நேரெதிரே போய் நின்றுகொண்டு, எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டேன்.

"எம் பேரு இருக்கு. நம்ம ஊருப் பேரு போடலயே" என்றார்.

பூச்சி எந்த ஊரோ அந்த ஊரைத்தான் போட வேண்டும் என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று லென்ஸைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.