ஐப்பசியில் அடித்த வெள்ளை

அவனியாபுரத்தில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக் கூரை, வரிசையாக ஆறு வீடு, நடுவில் மண்சுவர்கள். எனக்குப் பட்டறை வேலை. படிப்பு நாலாவது வரை. பக்கத்து வீட்டில் ஒரு அக்கா தனியாக இருந்தது. இட்லி சுட்டு விற்கும்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. விரல் போகும். அக்கா மூன்று தடவை, வாடகை வாங்கும் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னது. ஒரு தடவை நானும் கூடப் போனேன். பார்க்கலாம் என்றார்.

அந்த வருஷம் ஐப்பசியில் வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார். எங்கள் பக்கம் பொங்கலுக்குத்தான் வெள்ளையடிப்போம். அதுவும் குடியிருப்பவர்களே அடித்துக்கொள்வோம். மழை மாசத்தில் யாரும் சுண்ணாம்பு கரைக்க மாட்டார்கள். காயாது. வந்தவன் வேறு எந்தச் சுவரையும் தொடவில்லை. வெடிப்பில் சாக்குத் துணியைத் திணித்து, களிமண் பூசி, மேலே மூன்று தரம் அடித்தான். எதற்கு என்று கேட்டேன். வளவை விலைக்குக் கேட்டு ஆள் வருகிறது என்றான்.

சுவர் ஓரம் இருக்காதே என்று அக்காவிடம் சொன்னேன். அது சிரித்தது.

"பொண்டாட்டி குடுக்குற காப்பியவே மோந்து பாத்துக் குடிக்கிற ஆளுதான தம்பி நீ."

நான் பிள்ளைகளை மறுபக்கச் சுவரோரம் படுக்க வைத்தேன்.

நாலு நாள் மழை. ஐந்தாம் நாள் மத்தியானம் சுவர் அக்கா பக்கம் சாய்ந்தது. அது மாவாட்டிக்கொண்டிருந்தது. உத்தரமும் மேலே விழுந்தது. நாங்கள் மண்ணைத் தள்ளி வெளியே எடுத்தோம். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் என் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் சரியாகப் படவில்லை. பழத்தை யாரையும் தொடவிடவில்லை.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் புகாரை நான் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதினார். வேகமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் தாளை வாங்கி எழுத்தின் கீழே விரல் வைத்துப் படித்தேன்.

"கலெக்டருக்குப் படிக்கிறாருப்பா," என்றார் ஏட்டு. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தாளின் பாதியில், ஆட்டுரல் பதிக்க அக்காவே சுவரடியில் குழி தோண்டியதாக இருந்தது. அப்படி நான் சொல்லவில்லை. அதில் கையெழுத்துப் போட்டால் குற்றம் அக்கா மேல். வீட்டுக்காரர் மேல் கேஸே இல்லை.

"நான் சொல்லாத குழி இதுல இருக்கு. நான் சொன்ன சாக்குத் துணி இதுல இல்ல. போட மாட்டேன்."

உள்ளே இருந்த இன்ஸ்பெக்டருக்குக் கேட்டுவிட்டது. வந்து தாளை வாங்கிப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். வேறு எழுதச் சொன்னார். அதையும் விரல் வைத்துப் படித்த பிறகுதான் போட்டேன். வெளியே பெஞ்சில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது. பண்ணினேன்.

கேஸ் மூன்று வருஷம் நடந்தது. கூண்டில் ஏறி அதையேதான் சொன்னேன். சுவர் மோசம் என்று தெரிந்தே மறைத்ததற்கு வீட்டுக்காரருக்கு ஆறு மாசம் ஜெயில் என்றார் ஜட்ஜ். நான் வீட்டுக்குப் போகவில்லை. போலீஸ் வேன் அவரை ஏற்றிக்கொண்டு திருப்பம் தாண்டுகிற வரைக்கும் கோர்ட் வாசலில் நின்றேன்.

பிறகு போய் அக்காவிடம் சொன்னேன். அது கம்பை ஊன்றி எழுந்தது.

"ஏறுனது அவருதானா? மொகத்த நல்லாப் பாத்தியா?" என்று கேட்டது.