எறங்கினவங்க லிஸ்ட்

நோணாங்குப்பம் போட் ஹவுசுல தெய்வசிகாமணிக்கு வேலை தலை எண்ணுறது. டிக்கெட் கிழிக்க வேற ஆள், லைஃப் ஜாக்கெட் மாட்டி விட வேற ஆள். படகு கிளம்பும்போது இவர் ஒருதரம் எண்ணி நோட்டுல எழுதிக்குவார். அது பேருக்குத்தான். சாயங்காலம் பாரடைஸ் பீச்சுலேருந்து கடைசிப் படகு திரும்பும்போது எண்ணுவார் பாருங்க, அதுதான் எண்ணிக்கை. ஒரு தலை குறைஞ்சாலும் படகு மறுபடி அந்தக் கரைக்குப் போவணும். புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு சண்டை போட்டுக்கிட்டு மணல்ல ஆளுக்கொரு பக்கம் திரும்பி உக்காந்திருந்தப்போ, இவரே போய் முன்னால ஒரு சீட்டு, பின்னால ஒரு சீட்டுன்னு பேசி முடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தார். பதினஞ்சு வருஷத்துல ஒருத்தரையும் அந்த மணல்ல விட்டுட்டு வந்ததில்லைன்னு அவருக்கு ஒரு கெத்து.

அவ்வளவு கெட்டிக்காரருக்குச் சொந்த அப்பா எங்க போனாருன்னு தெரியாது.

அப்பா பேரு அய்யாக்கண்ணு. 1948ல தெய்வசிகாமணி கைக்குழந்தையா இருக்கும்போது அப்போ பிரெஞ்சுக்காரன் கையில இருந்த சைகோனுக்குக் கப்பலேறினவர். ரெண்டு கடிதாசி வந்துது. அப்புறம் அதுவும் இல்ல. அம்மா தையல்நாயகி அம்பத்தஞ்சு வருஷம் தாலியோட, பொட்டோட காத்திருந்துட்டு 2003ல போய்ச் சேர்ந்தாங்க. எடுக்கிற அன்னிக்கே தெருப் பொம்பளைங்களுக்குள்ள பேச்சு. பூ வச்சு அனுப்புறதா, வைக்காம அனுப்புறதா? அக்கா அஞ்சலாட்சி யாரையும் கேக்கல. நாலு முழம் மல்லிப்பூவை அவங்களே வச்சு விட்டாங்க.

பதினாறாம் நாள் அய்யர் வந்து, அப்பாவுக்கு என்னிக்குத் திதின்னு சாதாரணமாத்தான் கேட்டார். அக்காவுக்கும் தெரியல, தம்பிக்கும் தெரியல. அவர் கிளம்பினதும் அக்கா சொன்னாங்க:

"சிகாமணி, எனக்கு வேற ஒண்ணும் வேணாண்டா. ஒரு தேதி கொண்டா. நான் போறதுக்குள்ள அவருக்கு ஒரு வாய் சோறு வைக்கணும்."

அதோட புடிச்சுது சனியன். செவ்வாக்கிழமை இவருக்கு லீவு. செவ்வாக்கிழமை தோறும் சைக்கிளை மிதிச்சுக்கிட்டு, டவுன்ல பழைய ரெக்கார்டெல்லாம் வச்சிருக்கிற ஆபீசுக்குப் போனார். அங்க இருந்த கிளார்க்கு தலையைத் தூக்காமலே கேட்டது, "நாசியோனலித்தேவுக்கா?"

புதுச்சேரியில பழைய கப்பல் காகிதம் தேடுறவன் பிரெஞ்சு குடியுரிமைக்குத்தான் தேடுவான். அதைத் தவிர இன்னொரு காரணம் இருக்கும்னு அந்த ஆபீசுல யாரும் நம்பத் தயாரா இல்ல. அப்பாவுக்குத் திதி குடுக்கணும்னு இவர் சொன்னதும் கிளார்க்குக்குச் சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சு. பெரிய ஆளுதான் போலன்னு அடுத்த வாரம் வரச் சொல்லிட்டார். ஊருக்குள்ள அதுக்கு மேல. முடிவெட்டுறவர் பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுற மாதிரி "முசியே, மீசை எந்த மாடல்?"ங்கிறார். பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பொண்ணு, பாரிஸ் போறப்ப எம்மவனையும் இழுத்துக்க அண்ணேன்னு இட்லி குடுத்து விடுறா. இட்லியையும் வாங்கிச் சாப்பிட்டுட்டு இல்லைன்னு எப்படிச் சொல்றது?

ஒரு வாரம் பீரோ சாவி வச்சிருக்கிறவர் லீவு. ஒரு வாரம் கரண்டு இல்ல. ஒரு வாரம் காகிதக் கட்டைக் கொண்டாந்து போட்டாங்க, அதுல நடுப்பக்கமெல்லாம் கரையான் தின்னுட்டு ஓரம் மட்டும் மிச்சம். இவருக்கு பிரெஞ்சும் தெரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து ரிட்டயரான ஆலேன்தான் துணைக்கு வந்து படிச்சுச் சொன்னார். அந்த மனுசன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவே கால் மணி நேரம் எடுத்துக்குவார். ஒன்றரை வருஷம் கழிச்சு 1948 அக்டோபர் லிஸ்டுல அய்யாக்கண்ணு கெடைச்சார். நோணாங்குப்பம், வயசு இருபத்தெட்டு. ஏறினது நிச்சயம். ஏறினது எங்களுக்கே தெரியும்யா, அதுக்கா இத்தினி செவ்வாக்கிழமைன்னு தெய்வசிகாமணி அங்கியே கத்திட்டார். அப்புறம் சைகோனுக்கு மூணு லெட்டர். மூணுக்கும் பதில் இல்ல. ஏறினவங்க லிஸ்டையே திரும்பத் திரும்பப் பொரட்டினதுல இன்னொரு வருஷம் ஓடிடுச்சு.

2006 மே மாசம், லீவுக்கு வந்த பேரப்பசங்களைக் கூட்டிக்கிட்டு ஆலேன் போட் ஹவுசுக்கு வந்தார். கடைசிப் படகு திரும்புது. தெய்வசிகாமணி எண்ணிக்கிட்டே, போவும்போது எண்ணுறதெல்லாம் கணக்கே இல்ல முசியே, வரும்போது எண்ணுறதுதான் கணக்குன்னு பெருமையா ஆரம்பிச்சவர், பாதியில நின்னுட்டார். எண்ணிக்கை விட்டுப்போச்சு. படகுல இருந்தவங்களை அப்படியே உக்கார வச்சு மறுபடி முதல்லேருந்து எண்ண வேண்டியதாப் போச்சு. ரெண்டரை வருஷமா, கப்பல்ல திரும்பி வந்தவங்க லிஸ்டைக் கேக்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல.

வந்தவங்க லிஸ்டா, அதை யாரும் கேக்கிறதில்லையேன்னு கிளார்க்கே ஆச்சரியப்பட்டார். யாரும் கேக்காததால கரையான் தவிர மத்தபடி நல்லாவே இருந்துது. நாலாவது செவ்வாக்கிழமை ஆலேன் விரல் ஒரு வரியில நின்னுது. மனசுக்குள்ள படிச்சார், படிச்சிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சார்.

"படிங்க முசியே."

"வேற ஆளா இருக்கும்ப்பா."

"படிங்க."

1953 மார்ச் பதினொண்ணு, சைகோன்லேருந்து வந்து புதுச்சேரியில எறங்கினவங்க. அய்யாக்கண்ணு, நோணாங்குப்பம், வயசு முப்பத்தி மூணு. கூட மனைவி ஒண்ணு, குழந்தை ஒண்ணு.

அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. கரையேறினப்புறம் எந்தப் பக்கம் நடந்தார்னு எழுதி வைக்க எந்த ஆபீசும் கெடையாது. அங்கேருந்து நோணாங்குப்பம் ரெண்டு மணி நேர நடை. தெய்வசிகாமணி அன்னிக்கு அந்த வழியாத்தான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வந்தார். ஏறி மிதிக்கல. மூணு வருஷம் நாயா அலைஞ்சு என்னத்தைக் கண்டுபிடிச்சோம்? அந்தாளு தொலையல, வீட்டுக்கு வரல, அவ்வளவுதான்.

அக்கா வாசல்ல முறத்தோட உக்காந்து கருவாட்டுல மண்ணு தட்டிக்கிட்டு இருந்தாங்க. முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழ வச்சாங்க.

"கெடைச்சிடுச்சுக்கா. 1953 மார்ச் பதினொண்ணு."

"கப்பல்லியா உசுரு போச்சு?"

"இல்ல. கரைக்கு வந்துட்டாரு."

"கஷ்டப்பட்டாராடா?"

"அப்படி ஒண்ணும் போடல. நல்லாத்தான் இருந்திருக்காரு."

அக்கா கொஞ்சம் அழுதுட்டு, விரல் விட்டு எண்ணினாங்க. மாசி, தேய்பிறை, திதியை அய்யர் பார்த்துச் சொல்லிடுவாரு, இன்னும் எட்டு மாசம் இருக்குதுன்னு எல்லாம் பேசினாங்க. தெய்வசிகாமணிக்கு அப்பாடான்னு இருந்துது. சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டினார். அப்பத்தான் அக்காவோட எண்ணிக்கை அம்மாகிட்டப் போய் நின்னுது.

"அப்படின்னா அம்பது வருஷம் அம்மா, அறுக்க வேண்டிய தாலியோட..." விரல் மடக்கினபடியே இருந்துது. "நான் பூ வச்சு அனுப்பினது தப்பாடா சிகாமணி? பாவத்தைச் சேர்த்து அனுப்பிட்டனா?"

மாட்டின சட்டையை எடுத்து மறுபடி போட்டுக்கிட்டார். பட்டனெல்லாம் மாத்தி மாத்தி விழுந்துது.

"தப்பே இல்லக்கா. நீ செஞ்சதுதான் சரி."

"அதெப்படிடா அவ்வளவு நிச்சயமா சொல்ற?"

"லிஸ்டைப் பார்த்தவன் நானா நீயா?" சிடுசிடுன்னு கேட்டுட்டு சைக்கிளை எடுத்தார். அவருக்கு லீவுதான், ஆனா கடைசிப் படகு வர்ற நேரம்.