எதிர் வீட்டுக் கனகம்

எங்கள் குடியிருப்பின் முன்னால் இன்று தார் போடுகிறார்கள். அந்தச் சூட்டு வாசனை வந்ததும், எண்பதுகளில் நாங்கள் இருந்த இராஜபாளையத்துத் தெரு நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது அது வெறும் மண் தெரு. பள்ளி விட்டதும் எதிர் வீட்டுக் கனகமும் நானும் தெருவின் நடுவிலேயே பாண்டிக் கட்டம் கீறி, ஓட்டுச் சில்லை எறிந்து, விளக்கு வைக்கும்வரை நொண்டியடித்துக்கொண்டிருப்போம். சைக்கிள்காரர்கள் மணியடிக்காமல் எங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

நான் மூன்றாவது படிக்கும்போது அங்கே தார் போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுக்குக் குறுக்குவழி என்று பஞ்சு லாரிகள் உள்ளே வரத் தொடங்கின. ஒருநாள் காலையில், பள்ளிக்குப் போக என்னைக் கூப்பிட வந்த கனகத்தின் காலில் லாரி ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் ஜன்னலோரமே கிடந்தாள்.

“ஏட்டி, செத்த நேரம் வந்துட்டுப் போயேன்!”

“அம்மா ரோட்டத் தாண்ட விட மாட்டேங்காவ!” என்று என் ஜன்னலிலிருந்து நானும் கத்துவேன்.

“ஞாயித்துக்கிழம நானே கூட்டிட்டுப் போறேன்” என்பாள் அம்மா. அன்றைக்கும் அவளுக்கு மில்லில் வேலை இருக்கும்.

இருபதடி தூரம்தான். அந்த வருஷமே அவர்கள் மம்சாபுரத்துக்குக் குடிபோனார்கள். சாமான் வண்டியில் உட்கார்ந்து கனகம் கையாட்டினாள். நான் வாசற்படியை விட்டு இறங்காமல் கையாட்டினேன்.

தெருவைத் தனியாகத் தாண்ட அம்மா விட்டபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எதிரே போய்ப் பார்க்க எனக்கு யாரும் இல்லை.