மிதிக்கக் கூடாத முதுகு

நான் கால் முன்னால் வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் மூன்று மிதி மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சேந்தமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மாதத்துக்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. விடிந்ததும் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். என் மாமியாரையே மிதித்திருக்கிறேன். மாமியாரை மிதித்து நல்ல பேரும் வாங்கிய மருமகள் அந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்திதான்.

அப்பேர்ப்பட்டவளின் வீட்டுக்காரருக்கே ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது. அவர் போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று திங்கட்கிழமை சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். இன்னொரு ஆள் வரும்வரை பொறுக்காமல் தனியாகப் பெஞ்சைத் தூக்கிய மனுஷன், உலக்கையை விழுங்கியவர் மாதிரி விறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். குனிய முடியவில்லை.

வெள்ளிக்கிழமையோ டிரில் நடத்திக் காட்ட வேண்டும். வாத்தியார் முதலில் முட்டி மடங்காமல் குனிந்து கால் விரலைத் தொட வேண்டும், அப்புறம்தான் பையன்கள். போன வருஷம் டிரில் சரியில்லை என்று ஒரு வாத்தியாரைக் கொல்லிமலைக்கு மாற்றிவிட்டார்கள். மலைக்காய்ச்சலில் அவர் குடும்பம் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். எனக்குக் கையில் எட்டு மாதக் குழந்தை.

"சித்தெ குப்புறப் படுங்க. மூணே மிதி" என்றேன்.

மாமியார் பாய்ந்து வந்தார். "அட கெரகமே! ஊரையெல்லாம் மிதி, வேண்டாங்கல. கட்டுன புருசன் மேல காலு படலாமா அம்முணி? ஏழு சென்மத்துக்கும் பாவம்!"

எனக்கும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் நாமக்கல் வாசகசாலையிலிருந்து ஒரு மாதப் பத்திரிகையை வரவழைத்தார். அதில் யோகாசனம் பற்றி ஒரு பக்கம். சட்டை போடாத மீசைக்காரர் ஒருவர் குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, பாம்பு படமெடுப்பதுபோல் நெஞ்சைத் தூக்கியிருந்தார். முதுகு இறுக்கம் தளரும் என்று போட்டிருந்தது. குப்புறப் படுத்தவர் எப்படிப் படிப்பார்? நான்தான் பக்கத்தில் நின்று படித்துச் சொல்ல வேண்டும்.

"'மூச்சை மெல்ல இழுத்துத் தலையை உயர்த்தவும்.' உயர்த்துங்க."

"உயர்த்திட்டேன்."

தாடை பாயை விட்டு நாலு விரல்கூட எழும்பவில்லை.

"இது பாம்பு இல்லீங்க, ஓணான்."

"சிரிக்க வெக்காத புள்ள, உசிரு போவுது."

புதன்கிழமை நெஞ்சு கொஞ்சம் எழும்பியது. ஆனால் கூடவே இடுப்பும் எழும்பித் தொலைத்தது. இடுப்பு தரையில் படிந்திருக்க வேண்டும், பழகும்வரை யாராவது லேசாக அழுத்திப் பிடிக்கலாம் என்று எழுதியிருந்தது.

வியாழக்கிழமை மாமியார் சந்தைக்குப் போயிருந்தார். இவர் பாயில் படுத்தார். என் ஒரு கையில் பத்திரிகை, இன்னொரு கையில் குழந்தை. அதை இறக்கிவிட்டால் தவழ்ந்து வந்து அப்பன் முதுகில் ஏறிக்கொள்ளும். முந்தின நாள் ஏறியபோது இவர் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது.

"இடுப்ப அமுக்கு."

"எந்தக் கையிலீங்க அமுக்கறது?"

அவர் பாயில் கிடந்தபடியே என் காலைப் பார்த்தார். "காலு சும்மாதான இருக்குது?"

"ஐயோ, பாவமுங்க!"

"பாவம் என்னோட போகட்டும். நீ வை."

கண்ணை மூடிக்கொண்டு வலது காலை வைத்தேன். ஊரார் முதுகில் தைரியமாக ஏறிய கால் அன்றைக்கு முதலில் பட்டும் படாமலும்தான் நின்றது. நான் மிதிக்கவில்லை. இடுப்பு எழும்பாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் மூச்சை இழுத்தார். தலை எழுந்தது, நெஞ்சு எழுந்தது, முதுகுக்குள் 'சொடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"ஐயையோ, ஒடச்சுப்போட்டனா?"

அவர் மெல்ல இறங்கினார். மூச்சை விட்டுவிட்டு மறுபடி எழுந்தார். ஐந்து தரம் அப்படிச் செய்துவிட்டு, கையை ஊன்றி எழுந்து நின்றார்.

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. சந்தோஷமா, பயமா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று பத்திரிகையைப் போட்டுவிட்டுக் குழந்தையோடு குனியப் போனேன். அதற்குள் அவர் குனிந்துவிட்டார். முட்டி மடங்கவில்லை. கை நேராக வந்து என் கால் விரல்களைத் தொட்டது.

"என்னங்க இது! யாராச்சும் பாக்கப் போறாங்க!"

"டிரில் பழகறேன். அசையாம நில்லு."

நின்றேன். டிரில்லுக்கு வேண்டியதைவிட ரொம்ப நேரம் அந்தக் கை என் காலின் மேலேயே இருந்தது.