அண்ணாச்சி போட்ட முடிச்சு

காலை வழிபாட்டு மணி அடிக்கும் முன்பே பள்ளி அலுவலகத்தில் டெலிபோன் ஒலித்தது. வேலாயுத அண்ணாச்சி போய்விட்டார். ரிசீவரை வைத்துவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். வாசலில் அவருடைய மார்பளவுக் கற்சிலை. கண்களை மறைத்து அவருடைய துண்டு, கட்டியபடியே இருந்தது.

அந்த நூலகம் அவர் கட்டித் தந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் தன் தீப்பெட்டி ஆபீஸ் லாரியில் நமக்குத் தண்ணீர் அனுப்பியவர். பழைய மாணவர்களான நாம்தான் அவர் இருக்கும்போதே சிலை வைக்க ஆசைப்பட்டோம். உயிரோடிருப்பவருக்குச் சிலை ஆகாது, அது கண் திறந்தால் ஆள் போய்விடும் என்று அவர் வீட்டில் அழுதார்கள். அவர் சிற்பியிடம் ஒன்றுதான் கேட்டார்.

"கண்ண மட்டும் திறக்காம விட்டுருங்க."

"குருட்டு முகத்த அனுப்புனா என் கை வெளங்காது, அண்ணாச்சி."

இருவரும் பயந்திருந்தார்கள். சிற்பி கண்ணைத் திறந்தே சிலையைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து அதன் கண்ணில் கட்டினார். "நான் போன பெறகு எடுத்துக்கிடுங்க. அதுவர எனக்கும் இவனுக்கும் கண்ணாமூச்சிதான்."

போன மாதம் நான் அந்தத் துண்டை அவிழ்த்தேன். ஆண்டு மலருக்குப் புகைப்படம் வேண்டியிருந்தது. நான் படித்தவன், இதையெல்லாம் நம்பாதவன். நல்ல வெயில். ஒரு நிமிடம்தான். காமிராவைத் தாழ்த்தியபோது சிலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவசரமாகத் திரும்பக் கட்டினேன்.

மறுவாரம் பள்ளிக்கு வந்த அண்ணாச்சி துண்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏ வாத்தியாரே, இது என் முடிச்சு இல்லையே."

"போட்டோவுக்கு, அண்ணாச்சி..."

"எப்படி இருக்கேன்?"

"நல்லா இருக்கீங்க."

"பெறகென்ன? ஏன் இப்படி நடுங்குதீய? நான் பயந்தது போதும்."

சொல்லிக்கொண்டே என் முடிச்சை அவிழ்த்து மறுபடி தானே கட்டினார். அவர் விரல்களும் நடுங்கின. அதை நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

இதயம் வெகுநாளாகவே பலவீனம் என்கிறார் டாக்டர். நம்புகிறேன். நூலக வாசலைத் தாண்டும்போது மட்டும் நம்ப முடிவதில்லை.

நண்பர்களே, நாளை துண்டை எடுக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே ஒருமுறை எடுத்தவன் நான். அதை உங்களிடம் சொல்லாமல் அவர் கண்முன் நிற்க எனக்குத் தைரியமில்லை. முடிச்சை அவிழ்க்க மாட்டேன். துண்டை மெல்லத் தளர்த்தி, தலைவழியே உருவி எடுப்பேன். நடுங்கிய விரல்களால் அவர் போட்ட முடிச்சு அப்படியே என்னிடம் இருக்கட்டும்.