வாசல் வெளிச்சத்தில் எடுத்த முகங்கள்

அக்கா போய் ஒரு வருடம் முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளில் பலருடைய வீட்டுச் சுவரில் அவர் எடுத்த படம் ஒன்றாவது தொங்கும். அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை, படித்தவன் என்று சொல்லி, அம்மாவும் அப்பாவும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பிராவில் அக்கா பிறந்தார். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். இரண்டு பேர் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாத வீடு. அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டார். நான் படித்தேன்.

இரத்தினபுரி நகரில் ஒரு ஸ்டூடியோவில் அவருக்கு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கல்யாணப் படங்களில் முகங்களை வெள்ளையாக்குவதுதான் வேலை. முதலாளி முஸ்லிம். அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். "முகம் வெளுத்தாத்தான் தங்கச்சி, கஸ்டமர் திரும்பி வருவாங்க" என்பார்.

பிறகு அவரிடமே ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு அக்கா தனியாகத் தொழில் தொடங்கினார். ஆரம்பத்தில் எல்லோரும் எடுப்பதையே எடுத்தார். மாப்பிள்ளையின் உள்ளங்கையில் பொண்ணு சின்னதாக நிற்கும். மேகத்துக்குள் இரண்டு முகம் தெரியும். டவுன்காரர்கள் டிரோன் எல்லாம் பறக்கவிட்டு அதை இன்னும் நன்றாகச் செய்தார்கள். அக்காவை யாரும் தேடவில்லை.

"படம் நல்லாத்தான் வருது தம்பி. ஆனா இது நான் எடுத்ததுனு சொல்ல அதுல ஒண்ணுமே இல்ல" என்றார் ஒருநாள்.

அந்த நாட்களில்தான் எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போனார். வயதுக்கு வந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி, அலங்கரித்து உட்கார வைக்கும் நேரத்தில் மழை பிடித்துக் கரண்ட் போய்விட்டது. ஆம்பளை கேமராக்காரர்கள் வந்தால் லைட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்பார்கள். பிள்ளை தலை நிமிராது. அக்கா பெண்களோடு உள்ளேயே இருந்தார். பிள்ளையை வாசலுக்குப் பக்கமாக முக்காலியில் உட்கார வைத்து, பிளாஷ் போடாமல், கதவு வழியாக வந்த மழை வெளிச்சத்திலேயே எடுத்தார்.

"நிமிந்து பாருடி, பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்?" என்று ஓர் அத்தை கிண்டல் செய்ய, பிள்ளை வாய்விட்டுச் சிரித்திருக்கிறது.

ஆல்பம் போனதும் பிள்ளையின் அப்பாவுக்குக் கோபம். "என்னம்மா இது, எம் புள்ள இவ்வளவு கருப்பா? டவுன்ல குடுத்திருந்தா பளிச்சுனு வந்திருக்கும்!" பக்கத்தில் நின்ற ஒருவர், "கரண்ட் இல்லாம எடுத்தா கரியாத்தான் வரும்" என்று சிரித்தாராம். ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வெள்ளையாக்குவது அக்காவுக்குப் பெரிய வேலையில்லை. ஒரு படத்தை அப்படிச் செய்து அம்மாவுக்குக் காட்டினார். அந்தப் பிள்ளையைக் கைக்குழந்தையிலிருந்து தெரிந்தவர் அம்மா. பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார். அக்கா அதை அழித்தார். மறுநாள் அதே ஆல்பத்தோடு கிளம்பினார். நானும் போனேன்.

"அண்ணே, இத நான் மாத்த மாட்டேன். வேணாம்னா விட்ருங்க. ஆனா ஒங்க புள்ள சிரிக்கிறத ஒருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க."

பிள்ளையின் அப்பா கை நீட்டவில்லை. பிள்ளையின் அம்மாதான் ஆல்பத்தை வாங்கி மடியில் வைத்துப் புரட்டினார். "எங்கம்மா சாயல் அப்படியே இருக்குங்க. வெளுக்க வச்சா எங்கம்மா போயிருமே" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா யார் முகத்தையும் வெள்ளையாக்கிக் கொடுக்கவில்லை. சில வீடுகள் கைவிட்டுப் போயின. ஆனால் "ரூமுக்குள்ள எடுக்கிற அக்கா" என்று தோட்டம் தோட்டமாகப் பெண்கள் கேட்டு வந்தார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் "அபே நங்கி", அதாவது எங்கள் தங்கச்சி, என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். பெண்கள் கூடும் அறைகளுக்குள் வாசல் வெளிச்சத்தில் எடுத்த அந்தப் படங்களைப் பார்த்தாலே, யார் எடுத்தது என்று சனங்கள் சொல்லிவிடுவார்கள். தனக்கென்று ஓர் இடம் கிடைத்த சந்தோஷத்தோடு அவர் நடமாடியது நான்கைந்து வருடம்தான்.

மார்பில் கட்டி என்று தெரிந்தபோது நோய் பரவியிருந்தது. இரத்தினபுரி, கொழும்பு என்று அலைந்தோம். முடி கொட்டியது. எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தார். ஒருநாள் அவரைப் படம் பிடிக்க நான் போனைத் தூக்கியபோது, "வாசல மறைச்சுக்கிட்டு நிக்காதடா, வெளிச்சம் வரட்டும்" என்றார். இந்த மலரின் அட்டையில் இருப்பது அன்று எடுத்த படம். இதிலும் நாங்கள் எதையும் மாற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த லயத்துப் பெண்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த சிங்கள நண்பருக்கும், இறுதிக் கிரியை முடியும்வரை கூடவே நின்ற ஸ்டூடியோ நானாவுக்கும், தகனம் வரை தோள்கொடுத்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அக்காவின் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. போன வாரம்கூட ஓர் அம்மா பேசினார். மகள் வயதுக்கு வந்திருக்கிறாளாம், அக்கா வரவேண்டுமாம். விஷயத்தைச் சொன்னேன். ஐயோ என்றவர், "அவங்க மாதிரி எடுக்கிறவங்க வேற யாராச்சும் இருக்காங்களா தம்பி?" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

"சரி தம்பி. அப்ப நாங்க எங்க போன்லயே எடுத்துக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.