ஆறு வாரம் கூண்டுக்குள்

அந்த நாய் நானாக விரும்பி வாங்கியதல்ல. பெங்களூரில் இருக்கும் என் தம்பி புது அடுக்ககத்துக்குக் குடிபோனபோது, அங்கே நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று சொல்லி, ஒரு மாதம் பார்த்துக்கொள் என வண்ணார்பேட்டையில் என்னிடம் விட்டுப்போனான். நாலு வருடமாகிவிட்டது. நீள உடம்பும் குட்டைக் கால்களுமான டாக்ஸ்ஹண்ட். அம்மா போய் ஆறு மாதம்கூட ஆகாத சமயம் அது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலை. பகலெல்லாம் ஆட்களிடம் பேசுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலை வரை வாயைத் திறக்க அவசியமிருக்காது. நாய் வந்த பிறகு "தள்ளிப் படு", "போதும், வயிறு வெடிச்சிரும்" என்று நாலு வார்த்தையாவது பேசினேன்.

போன வருடம் ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை, அலுவலகம் விட்டு வந்தபோது அது வாசலுக்கு ஓடி வரவில்லை. கட்டிலுக்குக் கீழே முதுகைக் கூன்போட்டு நின்றது. தூக்கப்போனேன். வீலென்று கத்தியது. வயிற்றைத் தொட்டால் பலகை மாதிரி கெட்டியாக இருந்தது. முந்தின நாள் நான் கொடுத்த முறுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் புகட்டினேன். எப்போதும் ஒரே தாவலில் கட்டிலில் ஏறிவிடுவது அன்று ஏறவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே. தலையைத் தாழ்த்தித் தின்ன முடியாமல் சோற்றுக் கிண்ணத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முதுகு பிடித்தால் நான் போடும் வலிமாத்திரையில் பாதியை உடைத்துக் கையில்கூட எடுத்தேன். ஏனோ கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அதன் பின்னங்கால் பாதம் மடங்கி, மேல்பக்கம் தரையில் உரச நடந்தது. சற்று நேரத்தில் இரண்டு பின்னங்காலும் பின்னால் இழுபட, முன்னங்கால்களால் மட்டும் என்னை நோக்கி வந்தது. நின்ற இடத்திலேயே அதற்கு மூத்திரம் போயிற்று. போவதே அதற்குத் தெரியவில்லை.

அலுவலகத்துக்கு எப்போதாவது சவாரி வரும் மேலப்பாளையத்து ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். வேறு யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை என்பதைவிட, வேறு யாரும் இல்லை என்பதே சரி. நான் நாயை அள்ளித் தூக்கப்போக, அவர் தடுத்தார்.

"அப்படித் தூக்காதீங்கக்கா. எங்க மாமா மாடியில இருந்து விழுந்தப்ப பலகையில வச்சுத்தான் கொண்டுபோனோம். நடுவுல வளையக் கூடாதுல்லா."

சமையலறையில் இருந்த சப்பாத்திப் பலகை போதாது. அலமாரியின் தட்டு ஒன்றைக் கழற்றினார். மேலே போர்வையை விரித்து, நாயைச் சரித்து ஏற்றினேன். தொழுகைக்குப் போக வேண்டும், நாயின் ஈரம் மட்டும் தன்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூச்சத்தோடு கேட்டுக்கொண்டார். ஆற்றுப்பாலத்தில் ஏறியபோது மாட்டு வண்டிபோலப் பைய ஓட்டினார்.

கால்நடை மருத்துவர் என்னைவிட இளையவர். பாதத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார், நாய் அதை நேராக்கிக்கொள்ளவில்லை. பிறகு இடுக்கியால் விரலை அழுத்தினார். அது தலையைத் திருப்பி அவர் கையைக் கடிக்கப் பார்த்தது. அவர் முகம் தெளிந்தது. முதுகெலும்பு மணிகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, நீள முதுகு நாய்களுக்கு இது அடிக்கடி வரும் என்றார்.

"வலி தெரியுதும்மா. அது தெரியுத வரைக்கும் நம்பிக்கை உண்டு. தெரியாமப் போச்சுன்னா ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது, ஆப்பரேஷனுக்குச் சென்னைக்குக் கொண்டு போயிரணும்."

வியாழக்கிழமையே வந்திருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். வயிற்றுவலி என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைப்பார்கள் என்றார். மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். நாம் போடும் வலிமாத்திரை நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும், கொடுக்காமல் இருந்தீர்களே, அதுவே பெரிது என்றார்.

மருந்தைவிட ஓய்வுதான் வைத்தியம். ஆறு வாரம் கூண்டுக்குள். ஓடக் கூடாது, தாவக் கூடாது, படி ஏறக் கூடாது. ஆட்டோக்காரர் யார் வீட்டிலிருந்தோ பெரிய கோழிக்கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கழுவிக் கட்டிலோரம் வைத்தேன். நாய் முன்னங்காலை ஊன்றிப் பாதி எழுந்து, கட்டிலைப் பார்த்து அழுதது. மூன்றாம் நாள் கட்டிலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பாயை விரித்துக் கூண்டுக்குப் பக்கத்தில் படுக்க ஆரம்பித்தேன்.

காலையும் மத்தியானமும் சாயங்காலமும் அடிவயிற்றை இரு கையாலும் மெல்ல அழுத்தி மூத்திரத்தை வெளியேற்ற வேண்டும். முதல் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வந்து அழுத்திவிட்டுப் போவேன். புண் வராமலிருக்கப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பேன்.

தம்பிக்குப் போன் செய்து சொன்னேன்.

"யக்கா, எதுக்கு இந்தப் பாடு படுத? பேசாம ஊசி போட்டுரச் சொல்லிரு. அதுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு நிம்மதி என்றால் என்னவென்று அவன் எதை வைத்து முடிவுசெய்தான் என்று யோசித்தேன். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் ஒரு விசித்திரம் நடந்தது. மத்தியானம் நான் ஏன் ஓடுகிறேன் என்று அலுவலகத்தில் தெரிந்துபோய், தினமும் யாராவது நாயைப் பற்றிக் கேட்டார்கள். எதிர்வீட்டு அம்மா, எட்டு வருடத்தில் முதல்முறையாக என் வீட்டுக்குள் வந்து கூண்டைக் குனிந்து பார்த்தார். சனிக்கிழமைதோறும் மருத்துவரிடம் கூட்டிப்போக ஆட்டோக்காரர் தானே வந்துவிடுவார். போகும் வழியில் தன் மகள் ஊசியில் நூல்கோக்கப் பழகியது முதல் எல்லாம் சொல்வார்.

மூன்றாம் வாரம் அதன் வால் ஒரு தடவை அசைந்தது. நான்காம் வாரம் பாதத்தைத் திருப்பி வைத்தால் தானே நேராக்கிக்கொண்டது. ஆறாம் வாரம் முடிந்து கூண்டைத் திறந்தேன். அது எழுந்து, குடித்தவன் மாதிரி இடுப்பு ஒரு பக்கம் சாய, நாலு எட்டு வைத்து உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. நான் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

இனி இதற்கு மேல் நேராக நடக்காது, இது போதும் என்று மருத்துவர் சொன்னார். எடை கூடக் கூடாது, கழுத்துப்பட்டை வேண்டாம், மார்போடு சேர்த்துக் கட்டும் வார் போடுங்கள், இனி வர வேண்டியதில்லை என்றார்.

எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? எதிர்வீட்டு அம்மா வாசலில் பார்த்தால் சிரிப்பார். கோழிக்கூண்டு திரும்பிப் போயிற்று.

இரண்டு சனிக்கிழமை பொறுத்தேன். மூன்றாவது சனிக்கிழமை ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, நாய்க்கு நகம் வெட்ட வேண்டும் என்றேன். வந்தார். மருத்துவர் நாலு பாதத்தையும் தூக்கிப் பார்த்தார். பின்னங்கால் நகங்கள் உரசி உரசி ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தன, முன்னங்காலிலும் வெட்ட ஒன்றுமில்லை. அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, கத்தரியை எடுத்து ஒரு நகத்தின் நுனியை மட்டும் லேசாக நறுக்கினார்.

"மாசம் ஒருக்கக் கூட்டிட்டு வாங்கம்மா, பாத்துக்கிடுவோம்" என்றார்.